லெட்வில் ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்கலாமா? சுரங்க நீர் கலந்த ஆறு என்கிறார்களே?

டென்வருக்கு வேலை மாறி வந்து சில மாதங்களே ஆகின்றன, ஆகஸ்டில் குடும்பத்தோடு லெட்வில் போகிறோம், அங்கே ஃப்ளை ஃபிஷிங் கற்றுக்கொள்ள ஆசை, எந்தச் செயற்கைப் பூச்சிகளை வாங்கிக்கொண்டு போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, அந்த ஊர், மோசமாக மாசுபட்ட இடங்களைத் தூய்மையாக்க அரசு வைத்திருக்கும் ‘சூப்பர்ஃபண்ட்’ பட்டியலில் இருக்கிறது, ஆற்றில் ஈயமும் துத்தநாகமும் கலந்திருக்கிறது என்று படித்ததையும் எழுதியிருக்கிறீர்கள். பூச்சிக்குப் பதில் இரண்டு வரியில் முடிந்துவிடும். நீங்கள் உண்மையில் கேட்பது வேறு: நூறு வருடத்துக்கு மேல் சுரங்கக் கழிவைச் சுமந்த ஆறு நிஜமாகவே பிழைத்துவிட்டதா, இல்லை சுற்றுலாவுக்காகச் சொல்லும் பேச்சா? அதில் பிடித்த மீனைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? நன்னீர்ச் சூழலியல் படித்தவன், அந்த ஆற்றில் பல வருடங்களாகத் தூண்டில் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆறு பிழைத்திருக்கிறது. ஆனால் தானாகப் பிழைக்கவில்லை; இன்றும் இரவு பகலாக ஓடும் சுத்திகரிப்பு நிலையங்கள்தான் அதைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. மீன் பிடியுங்கள், விட்டுவிடுங்கள். சாப்பிடுவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆறு ஏன் கெட்டது என்று தெரிந்தால்தான் எங்கே நின்று மீன் பிடிப்பது என்பது புரியும். லெட்வில் சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா சிகரத்தைவிட நானூறு மீட்டருக்கு மேல் உயரம். கிழக்கே மஸ்கீட்டோ மலைத்தொடர், மேற்கே சவாட்ச் மலைத்தொடர், நடுவே அகன்ற பள்ளத்தாக்கில் ஆர்கன்சாஸ் ஆறு. 1860இல் ஊருக்குப் பக்கத்தில் உள்ள கலிஃபோர்னியா கல்ச் என்ற ஓடைப் பள்ளத்தில் தங்கம் கிடைத்தது. தங்கம் அரிக்கும் பலகைகளில் கனமான ஒரு கறுப்பு மணல் வந்து அடைத்துக்கொண்டே இருக்க, தொழிலாளிகள் அதைத் திட்டிக்கொண்டே அள்ளி எறிந்தார்கள். 1870களின் நடுவில் யாரோ அதைச் சோதிக்கக் கொடுத்தபோதுதான் அது வெள்ளி கலந்த ஈயத் தாது என்று தெரிந்தது. 1880 மக்கள்தொகைக் கணக்கில் அந்த ஊரில் கிட்டத்தட்ட 15,000 பேர்; கொலராடோவில் டென்வருக்கு அடுத்த பெரிய ஊர். குகன்ஹைம் குடும்பத்தின் சுரங்கச் செல்வம் தொடங்கியது இங்கேதான். 1893இல் வெள்ளி விலை சரிந்து பலர் கடனாளியானார்கள். அதற்குப் பிறகும் ஈயம், துத்தநாகம் என்று தோண்டல் இருபதாம் நூற்றாண்டின் பின்பகுதி வரை நிற்கவில்லை.

ஆழமாகத் தோண்டினால் சுரங்கத்தில் நிலத்தடி நீர் நிறையும். அதை வடிக்க 1895இல் யாக் சுரங்கப்பாதையைக் குடையத் தொடங்கினார்கள். பல சுரங்கங்களின் நீர் அதன் வழியாக கலிஃபோர்னியா கல்ச்சில் விழுந்து, அங்கிருந்து நேராக ஆர்கன்சாஸ் ஆற்றுக்குப் போனது. அந்தப் பாறைகளில் இரும்பு சல்பைடு நிறைய. மண்ணுக்குள் மூடிக் கிடக்கும்வரை அதனால் தொந்தரவு இல்லை. காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலமாகிறது. அந்த அமிலம் பக்கத்துத் தாதுவில் உள்ள துத்தநாகம், காட்மியம், செம்பு, ஈயம் எல்லாவற்றையும் கரைத்து எடுத்துக்கொண்டு வருகிறது. சுரங்கத்தை மூடிவிட்டுப் போனாலும் இது நிற்காது. குடைந்த பாறை திறந்தே கிடக்கிறது, பனி உருகி நீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

மீனுக்கு இதில் முதல் எதிரி, பலரும் நினைப்பதுபோல ஈயம் அல்ல, துத்தநாகம். ட்ரவுட் தன் செவுள் வழியாகத்தான் நீரிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்கிறது. கரைந்த துத்தநாகம் அதே வழியில் நுழைந்து கால்சியத்துக்கு இடம் விடாமல் செய்கிறது. அளவு அதிகமானால் செவுளே சிதைந்து மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. நீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமாக இருந்தால் இந்தக் கெடுதல் குறையும். ஆகவே ஒரே அளவு துத்தநாகம் கடின நீரில் தாங்கக்கூடியதாகவும் மென்நீரில் கொல்வதாகவும் இருக்கலாம். வசந்தத்தில் பனி உருகத் தொடங்கும் முதல் வாரங்கள்தான் மிக மோசமானவை. குளிர்காலம் முழுக்கக் கழிவு மேடுகளில் வெள்ளையாகப் பூத்திருந்த உலோக உப்புகளை முதல் உருகுநீர் ஒரே வீச்சில் ஆற்றுக்குள் கழுவிவிடுகிறது. அதே சமயம் பனிநீர் மென்நீர் என்பதால் மீனுக்கு இருந்த பாதுகாப்பும் போய்விடுகிறது. முந்தைய இலையுதிர் காலத்தில் இட்ட முட்டைகளிலிருந்து பிரவுன் ட்ரவுட் குஞ்சுகள் வெளிவருவதும் வசந்தத்தில்தான்.

1983இல் கலிஃபோர்னியா கல்ச் பகுதியை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பத்தாண்டில் யாக் பாதையிலிருந்து திடீரென்று பீறிட்ட நீர் ஆற்றை மைல் கணக்கில் செம்மஞ்சளாக்கியது. 1992இல் இரண்டு சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடத் தொடங்கின: ஒன்று யாக் பாதையின் வாயில், இன்னொன்று ஊருக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசு தோண்டத் தொடங்கிய லெட்வில் வடிகால் சுரங்கப்பாதையின் வாயில். வேலை அடிப்படையில் எளிமையானது. அமில நீரில் காரத்தைச் சேர்த்தால் உலோகங்கள் கரைசலிலிருந்து பிரிந்து சேறாகப் படியும். அதை வடித்தெடுத்து, தெளிந்த நீரை மட்டும் ஆற்றில் விடுகிறார்கள். இதோடு, கல்ச் வந்து சேரும் இடத்துக்குக் கீழே 11 மைல் தூரத்துக்கு ஆற்றங்கரையில் பழைய வெள்ளங்கள் கொண்டுவந்து போட்ட தாதுக் கழிவுத் திட்டுகள் புல் முளைக்காமல் கிடந்தன. அவற்றில் சுண்ணாம்பும் மட்கிய கழிவுநீர்ச் சேறும் கலந்து, மண்ணைச் சரிப்படுத்திப் புல் வளர்த்தார்கள். 2014இல் லெட்வில் அருகே லேக் ஃபோர்க் ஓடை கலக்கும் இடத்திலிருந்து கீழே பார்க்டேல் வரை 102 மைல் ஆற்றை மாநில அரசு ‘கோல்டு மெடல்’ நீராக அறிவித்தது. அதற்கு ஏக்கருக்கு 60 பவுண்டு ட்ரவுட் இருக்க வேண்டும், 14 அங்குலத்துக்குக் குறையாத மீன் ஏக்கருக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்துக் கொடுக்கும் தகுதி அது. விளம்பரப் பலகை அல்ல. முன்பு அந்த மேல்பகுதியில் ஒரு பிரவுன் ட்ரவுட் மூன்று வயதைத் தாண்டுவதே அரிது. இப்போது நன்கு முதிர்ந்த மீன்கள் கிடைக்கின்றன.

இதில் எது உறுதி, எது உறுதியில்லை என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். சுத்திகரிப்பு தொடங்கிய பிறகு ஆற்று நீரில் உலோக அளவு இறங்கியது, பூச்சி இனங்கள் திரும்பின, மீன்கள் பெருத்தன: இது மூன்றும் உறுதி. ஆனால் மீன் பெருகியதில் எவ்வளவு பங்கு சுத்திகரிப்புக்கு, எவ்வளவு பங்கு பிடித்து விடும் பழக்கத்துக்கு, எவ்வளவு பங்கு அணைகளிலிருந்து நீர் விடும் முறை மாறியதற்கு என்று யாராவது சதவீதம் சொன்னால் நான் நம்ப மாட்டேன். எல்லாம் ஒரே காலத்தில் நடந்தவை. ஆற்றில் உள்ள உலோகமெல்லாம் சுரங்கத்தால் வந்தது என்பதும் சரியல்ல. ட்வின் லேக்ஸ் ஏரிகளுக்கு மேலே, லேக் க்ரீக் என்ற ஓடையின் தென்கிளையில் ஒரு சிவந்த மலை இருக்கிறது. அங்கே பாறையே இயற்கையாக அமிலமும் உலோகமும் கசிகிறது. மனிதன் வருவதற்கு முன்பும் அப்படித்தான். ‘பழையபடி தூய்மையாக்குவோம்’ என்பவர்கள் அந்தப் ‘பழையபடி’ எல்லா ஓடையிலும் தூய்மையாக இருந்ததில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். சுத்திகரிப்பு நிலையங்களை ஒருநாள் நிறுத்திவிடலாமா என்றும் கேட்பார்கள். கண்ணுக்கெட்டிய காலம்வரை முடியாது. 2008இல் வடிகால் பாதைக்குள் பாறை சரிந்து, உள்ளே நீர் தேங்கி நிற்கிறது என்று பயந்து அந்த மாவட்டத்தில் அவசரநிலையே அறிவித்தார்கள். அந்த மலைக்குள் நீர் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

உங்கள் தூண்டிலில் படப்போவது பெரும்பாலும் பிரவுன் ட்ரவுட். இது இந்த மண்ணின் மீன் அல்ல. 1883இல் ஜெர்மனியிலிருந்து முட்டையாக அமெரிக்காவுக்கு வந்த இனம். ட்வின் லேக்ஸில் முன்பு யெல்லோஃபின் கட்த்ரோட் என்ற பெரிய உள்ளூர் ட்ரவுட் இருந்தது. 1889இல்தான் அறிவியலாளர்கள் அங்கே வந்து அதை ஆராய்ந்தார்கள். அதே வருடம் லெட்வில்லில் மத்திய அரசின் மீன் குஞ்சு பொரிப்பகமும் தொடங்கியது. அது இன்றும் நடக்கிறது. ஏரிகளில் ரெயின்போ ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்ட சில வருடங்களில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, யெல்லோஃபின் அடியோடு மறைந்துபோனது. எனக்கு இந்த ஆற்றில் மனம் கனக்கும் விஷயம் இது. உலோகத்தைக் காரம் போட்டு எடுத்துவிடலாம். அந்த மீனை இனி எதைப் போட்டும் கொண்டுவர முடியாது. பிறகு ரெயின்போவுக்கும் அடி விழுந்தது. 1980களின் கடைசியில் கொலராடோவுக்கு வந்த, ஒட்டுண்ணியால் பரவும் சுழல் நோய் ரெயின்போ குஞ்சுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. இப்போது ஆற்றில் காணும் ரெயின்போ பெரும்பாலும் அந்த நோயைத் தாங்கும் கலப்பு வகை.

சரி, ஆகஸ்டுக்கு வருவோம். முடிந்தால் 15ஆம் தேதிக்குப் பிறகு போங்கள். ஜூலை 1 முதல் ஆகஸ்டு 15 வரை படகுப் பயணிகளுக்காக ஏரிகளிலிருந்து கூடுதல் நீர் விடுகிறார்கள். அது பெரும்பாலும் ட்வின் லேக்ஸ் வழியாக வருவதால் கிரானைட் என்ற சிற்றூரிலிருந்து கீழேதான் வேகம் தெரியும். அதற்கு மேலே, லெட்வில்லுக்குத் தெற்கே நெடுஞ்சாலை 24ஐ ஒட்டிய ஹேடன் மெடோஸ் புல்வெளியில் ஆறு சின்னதாக, வளைந்து வளைந்து ஓடும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு இது நல்ல இடம். பின்னால் மரம் இல்லாததால் லைன் எதிலும் மாட்டாது. நான் மேலே சொன்ன, சரிசெய்யப்பட்ட 11 மைல் பகுதியும் இதுதான். அங்கே நின்று கரையைப் பார்த்தாலே புல் செழித்த இடமும் இன்னும் வெளிறிக் கிடக்கும் திட்டும் தெரியும்.

முதலில் தூண்டிலை எடுக்காதீர்கள். சலசலத்து ஓடும் ஆழமில்லாத இடத்தில், உள்ளங்கை அகலக் கல் ஒன்றைத் தூக்கி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தட்டைத் தலையும், மூன்று மயிரிழை வாலும் உள்ள பூச்சி ஒன்று கல்லோடு ஒட்டிக்கொண்டு நண்டுபோலப் பக்கவாட்டில் நழுவினால், அது மேஃப்ளையின் இளம்பூச்சி. உலோகத்தைக் கொஞ்சமும் தாங்காத வகை. நீருக்குள் அது ஏறக்குறைய ஒரு வருடம் வாழ்கிறது என்பதால், அது இருக்கிறதென்றால் போன வசந்தத்தின் உருகுநீரையும் தாண்டி அந்த இடம் நன்றாக இருந்திருக்கிறது என்று பொருள். சிறு குச்சித் துணுக்குகளால் நான்கு பட்டையாகக் கட்டிய, ஒருமுனை குறுகிய குழல் ஒட்டியிருந்தால் அது கேடிஸ் என்ற பூச்சியின் கூடு. கல்லெல்லாம் வழவழவென்று செம்மஞ்சள் மாவு பூசி, ஒரு பூச்சியும் இல்லையென்றால் அங்கே நிற்காதீர்கள்; அது சுரங்க நீர் விட்டுப்போன இரும்புப் படிவு. ஆய்வகக் கருவி எதுவும் இல்லாமல் உங்களுக்குக் கிடைக்கும் மிக நேர்மையான சோதனை இந்தக் கல்தான். உங்கள் குழந்தைக்கு மீனைவிட இது பிடித்துப்போகவும் வாய்ப்புண்டு.

வாங்க வேண்டிய செயற்கைப் பூச்சிகள்: எல்க் ஹேர் கேடிஸ், பாராசூட் ஆடம்ஸ், ஒரு வெட்டுக்கிளி, ஃபெசன்ட் டெயில் நிம்ஃப், பிரின்ஸ் நிம்ஃப் (நிம்ஃப் என்பது நீருக்குள் முங்கும் இளம்பூச்சி வடிவம்). சின்னவை 16, 18 அளவில் போதும். ஒன்பது அடி, ஐந்தாம் எண் ராடு, அதாவது தூண்டில் கம்பு. லைன் முனையில் கட்டும் மெல்லிய நரம்பான லீடர், ஒன்பது அடி. அதன் நுனியில், பூச்சியைக் கட்ட, 4எக்ஸ் அல்லது 5எக்ஸ் டிப்பெட் நரம்பு. நம் ஊர்த் தூண்டிலில் ஈயக் குண்டின் எடை தங்கூஸ் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் பூச்சிக்கு எடையே கிடையாது. தடித்த லைனின் எடைதான் அதைக் கொண்டுபோகிறது. அதனால்தான் பின்னால் வீசி, லைன் முழுக்க நீளும்வரை ஒரு கணம் நிறுத்தி, பிறகு முன்னால் வீச வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அந்த ஒரு கணத்தைத் தர மாட்டார்கள். லைன் காலடியில் குவிந்துவிடும். தூரம் வேண்டாம், இருபது அடி போதும்.

வீச்சைவிட முக்கியம் மிதப்பு. வெட்டுக்கிளியையோ கேடிஸையோ மேலே மிதக்கவிட்டு, அதன் கொக்கியில் இரண்டடி நரம்பு கட்டி நிம்ஃபை நீருக்குள் தொங்கவிடுங்கள். ஆறு வரும் திசையைப் பார்த்து நின்று, ஒரு கல்லின் பின்னால் வேக நீரும் அமைதியான நீரும் உரசும் கோட்டில் போடுங்கள். பக்கத்தில் மிதக்கும் நுரையைப் பாருங்கள்: பூச்சி அந்த நுரையின் வேகத்திலேயே வர வேண்டும். நுரையை முந்தினாலோ, பின்னால் சிறு கோடு கிழித்துக்கொண்டு வந்தாலோ, லைன் அதை இழுக்கிறது என்று அர்த்தம். ட்ரவுட் திரும்பியும் பார்க்காது. லைனின் நடுப்பகுதியை மட்டும் ராடு நுனியால் தூக்கி, நீர் வரும் பக்கமாக வைத்தால் சரியாகும். மேலே மிதப்பது சட்டென்று நின்றாலோ முங்கினாலோ ராடைத் தூக்குங்கள். கடித்ததா கல்லில் பட்டதா என்று யோசிப்பதற்குள் மீன் துப்பிவிடும்.

கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனைத் தொடுமுன் கையை நனையுங்கள், நீருக்குள் வைத்தே கழற்றுங்கள். நீர் 20 டிகிரி செல்சியஸை நெருங்கினால் ட்ரவுட்டுக்கு மூச்சுக் கஷ்டம். லெட்வில் உயரத்தில் அது அரிது, ஆற்றோடு கீழே சலைடா என்ற ஊர்ப் பக்கம் போனால் வெப்பமானியைப் பாருங்கள்.

இனி சாப்பாடு. துத்தநாகமும் காட்மியமும் மீனின் சதையைவிட ஈரல், சிறுநீரகம், செவுள் ஆகியவற்றில்தான் அதிகம் சேர்கின்றன. ஈயம் எலும்பில் சேர்கிறது. இது எல்லா ஆற்று மீனுக்கும் பொதுவான உண்மை. ஆகவே தலையோடு போட்டு குழம்பு வைக்கும் நம் வழக்கம் இந்த ஆற்று மீனுக்கு வேண்டாம். கல்ச் கலக்கும் இடத்திலிருந்து கீழே உள்ள அந்த 11 மைலில் பிடித்ததை நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. எப்போதோ ஒருமுறை தின்றால் உடம்புக்கு வந்துவிடும் என்று சொல்லவில்லை. அந்த மீன் அங்கே இருப்பதற்கே இத்தனை பேர் உழைத்திருக்கும்போது, பொரிக்க வேறு மீன் இருக்கிறது என்பது என் எண்ணம். ஊருக்கு மேற்கே டர்க்வாய்ஸ் ஏரியில் வளர்த்து விட்ட ரெயின்போ கிடைக்கும். சாப்பிடுவதற்கு முன் மாநில அரசின் மீன் உணவு எச்சரிக்கைப் பட்டியலையும், அந்த இடத்துக்கான பிடிப்பு விதிகளையும் பாருங்கள். சில பகுதிகளில் தனி விதி உண்டு. சின்னக் குழந்தை என்றால் மீனைவிட மண்ணில்தான் கவனம் தேவை. வெளிறிய, மஞ்சள் படிந்த கழிவு மேடுகளில் விளையாட விடாதீர்கள், சாப்பிடுமுன் கை கழுவச் சொல்லுங்கள். குழந்தையின் இரத்தத்தில் ஈயம் பற்றிக் கவலை இருந்தால் மருத்துவரிடம் ஒரு சோதனை கேளுங்கள். அது என் துறை அல்ல.

கொலராடோவில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது, வெளியூர்க்காரர்கள் இதில்தான் மாட்டுவார்கள். ஓடும் நீர் பொதுச் சொத்து. ஆனால் தனியார் நிலத்தின் ஊடே ஓடினால் ஆற்றின் அடிநிலம் அந்த நிலக்காரருடையது. படகில் மிதந்து போகலாம், இறங்கி நின்றால் அத்துமீறல். பொது இடம், மாநிலம் குத்தகைக்கு எடுத்த மீன்பிடிப் பகுதி என்று பலகை வைத்த இடங்களில் மட்டும் இறங்குங்கள். முள்வேலி கண்ட இடத்தில் திரும்பிவிடுங்கள். உரிமம் 16 வயது நிரம்பியவர்களுக்கு அவசியம். மாநிலத்தில் தொடர்ந்து ஆறு மாதம் வசித்திருந்தால்தான் உள்ளூர்க் கட்டணம். நீங்கள் வந்து சில மாதங்களே ஆகின்றன என்பதால் கணக்குப் பார்த்து வாங்குங்கள். ஒருநாள் உரிமமும் உண்டு.

டென்வரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான், ஆனால் போன அன்றே ஆற்றில் இறங்கி நடக்காதீர்கள். அந்த உயரத்தில் தலைவலியும் மூச்சிரைப்பும் வரும். ஒரு நாள் தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஹேடன் மெடோஸில் இருந்தால் மதியம்வரை நிம்மதியாகப் பிடிக்கலாம். ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் மலையில் இடி மின்னல் வழக்கம். கையில் இருப்பது ஒன்பது அடி கார்பன் கம்பு, மின்சாரம் கடத்தும். முதல் இடி கேட்டதும் மீன் எழும்பிக்கொண்டிருந்தாலும் ராடைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குள் போய்விடுங்கள்.